சலாவுதீனைத் தேடினார்கள்

8 ஜூன் 1944
பள்ளியில் காலையெல்லாம் ஜப்பானியப் பாட்டு. மாலை வீட்டுக்குப் படிக்க வந்த பிள்ளைகளுக்கு ஹத்தின் போரைச் சொன்னேன். சிலுவைப் படை ஊற்றை விட்டு வறண்ட மேட்டில் ஏறியது. சுல்தான் சலாவுதீனின் ஆட்கள் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். புகையில் கண் தெரியாமல், நாக்கு வீங்கி, இரும்புக் கவசத்துக்குள் வெந்து விழுந்தவர்களை வெட்டிச் சாய்த்தார்கள்.
"தண்ணி இல்லாத இடத்துக்கு ஏன் சார் போனாங்க?" என்றாள் சீதா.
"கர்வம். ரொம்ப தூரம் போன படை திரும்பாதும்மா."
வெளியே யாருக்காவது கேட்டுவிடும் என்று சமையலறையிலிருந்து என் மனைவி மல்லிகா முறைத்தாள்.

11 ஜூன்
இன்றும் அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். மழை. வேறொன்றுமில்லை.

2 ஜூலை
இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. வலது கையில் நகங்கள் இல்லை.
நான் சொன்ன பாடம் எப்படியோ வெளியே போயிருக்கிறது. ஜப்பானிய ராணுவப் போலீஸ், கெம்பித்தாய்க்காரர்கள், வந்து இழுத்துப் போனார்கள். அதிகாரி கத்தக் கத்த, மொழிபெயர்ப்பாளன் பொன்னுதுரை தமிழில் கேட்டான். அவனும் எங்கள் காஜா பேராங் பகுதிக்காரன்தான்.
"ஹத்தின்ங்கிற முகாம் எங்க இருக்கு? தலைவன் சலாவுதீன் எங்க?"
"எழுநூறு வருஷத்துக்கு முந்தின சண்டைப்பா அது! அவர் செத்துட்டாரு!"
"அப்படியேதான் சொன்னேன், கருணாகரன் சார். பொய்ங்கிறாங்க. யார் பேரயாவது சொல்லிடுங்க."
யார் பேரைச் சொல்ல? வாயில் குழாயைத் திணித்துத் தண்ணீர் விட்டார்கள். உப்பிய வயிற்றின் மேல் ஏறி மிதித்தார்கள்.

3 ஜூலை
நேற்று முடிக்க முடியவில்லை.
அவர்களே ஒரு சலாவுதீனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். புக்கிட் ரம்பாயிலிருந்து சைக்கிளில் வந்து எங்கள் தெருவில் மீன் விற்கும் பாய்; அவர் பெயரும் சலாவுதீன். என் முன்னால் மண்டியிட வைத்தார்கள்.
"இவரில்ல! இவரில்ல!" தொண்டை கிழியக் கத்தினேன்.
"வாத்தியாரே, என்ன கேக்குறாங்க? எனக்கு ஒண்ணும் புரியலயே."
இரும்புக் கம்பி முழங்காலில் இறங்கியது. பிறகு தாடையில். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அவர் அசையாமல் போனபின்தான் நிறுத்தினார்கள்.
என்னை ஏன் விட்டார்கள்? தலைவன் செத்தான், இனி இவன் எதற்கு என்றா?

4 செப்டம்பர் 1945
ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான். ஜப்பானியரை எதிர்த்துச் சண்டை போட்டுக் காட்டிலிருந்து இறங்கியவர்கள் பொன்னுதுரையைப் பண்டார் ஹிலிரில் மரத்தில் கட்டியிருந்தார்கள். கூட்டத்தில் என்னைக் கண்டுகொண்டான்.
"சார்! நீங்க சொல்லுங்க சார்! நீங்க சொன்னத மாத்தாமதான சொன்னேன்?"
ஆமாம், மாற்றவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அதை உரக்கச் சொன்னேன். எவன் கேட்டான்? "காட்டிக் கொடுத்தவன்" என்றார்கள். கத்தி அவன் வயிற்றில் பாய்ந்தது. இன்னொன்று கழுத்தில். என் சட்டையெல்லாம் அவன் இரத்தம். மல்லிகா அதைத் துவைக்க மாட்டேன் என்று அடுப்பில் போட்டாள்.

10 செப்டம்பர்
புக்கிட் ரம்பாய் போனேன். இத்தனை நாள் பயம், போகவில்லை. பாயின் மனைவி ஜெயினம்பு மீன் விற்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் வாசலிலேயே நிற்க, நடந்ததையெல்லாம் சொன்னேன். எந்த சலாவுதீனுக்காக பாயைக் கொன்றார்கள் என்பதையும்.
அவர் அழவில்லை. கேட்டார்:
"அந்த சலாவுதீன்… அந்தச் சண்டையில ஜெயிச்சாரா?"
"ஜெயிச்சாரும்மா."
தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மீன் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சாலையில் இறங்கி நடந்தார்.