அந்தோனியாரிடம் சொன்ன நட்சத்திரம்

வெள்ளவத்தை
04 ஓகஸ்ட் 2025, திங்கள்

அன்புள்ள பிள்ளை ரொஷேலுக்கு,

நான் யதுஷாவின் அம்மா. நீர் வேலை செய்யும் கொமியூனிகேசனுக்கு, அந்த போட்டோ கொப்பிக் கடைக்கு, அவள் சனிக்கிழமைகளில் வருவது எனக்குத் தெரியும். பதினோராம் வகுப்போடு நீர் பள்ளிக்கூடத்தை விட்டபோது, "படிப்பை விட்ட பிள்ளையோட உனக்கென்ன பழக்கம்?" என்று அவளை ஏசியதும் நான்தான். அதுவும் உமக்குத் தெரிந்திருக்கும். மனதில் வைக்காமல் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும்.

உயர்தரப் பெறுபேறு வந்து மூன்று மாதத்துக்கு மேலாகிறது. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை. லிஃப்டில் ஏறினால் யாராவது ஒருவர், "யதுவுக்கு என்ன கிடைச்சது?" என்று கேட்கிறார். அதற்குப் பயந்து நாலு மாடியும் படியால் ஏறி முழங்கால் வீங்கிவிட்டது. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் வருவதாக நேர்ந்திருந்தேன். மூன்று போனேன். இனிப் போய் வரிசையில் நிற்க முடியாது. உமது வீடு கோயிலடிதானே. மிச்சம் ஆறு செவ்வாயும் எனக்காகப் போவீரா?

எங்கள் ஒழுங்கையிலிருந்து உங்கள் கடைக்கு வேலைக்கு வரும் புஷ்பராஜிடம் திங்கட்கிழமைகளில் மெழுகுதிரியைக் கொடுத்து விடுகிறேன். யதுவுக்குக் கொழும்பிலேயே இடம் கிடைக்க வேண்டும் என்று கேளும். சுற்றியிருக்கும் தாளில் பெயரும் நட்சத்திரமும் எழுதியிருக்கிறேன்.

அவளுக்குத் தெரிய வேண்டாம். என் ஃபோனை அவள் பார்ப்பாள், அதனால்தான் கடிதம்.

இப்படிக்கு,
சுபோதினி அன்ரி


கொச்சிக்கடை
06 ஓகஸ்ட்

அன்புள்ள அன்ரிக்கு,

நேற்று வேலை முடிந்து நேரே கோயிலுக்குப் போனேன். நல்ல சனம். அரை மணித்தியாலம் நின்று கொளுத்தினேன்.

தாளில் "யதுஷா, பூரட்டாதி" என்று இருந்ததை அம்மா பார்த்துவிட்டா. "அந்தோனியார் என்ன ஐயரா, நட்சத்திரம் கேக்க?" என்று ஒரே சிரிப்பு. ஆனால் நீங்கள் எழுதியபடியே பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். அவருக்கு விளங்கியிருக்கும்.

பக்கத்தில் நின்ற ஒரு சிங்கள அக்கா, "நங்கி, எக்ஸாம் எகட்டத?" என்று கேட்டா. தங்கச்சி, பரீட்சைக்கா என்று கேட்கிறா. தலையாட்டினேன். எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஹரியய், ஹரியய்," சரிவரும் என்று முதுகைத் தடவிவிட்டுப் போனா. வீடு வரும் வரைக்கும், எனக்கே ஏதோ பரீட்சை முடிவு வரப்போவது மாதிரி இருந்தது.

நீங்கள் ஏசியது தெரியும் அன்ரி. யது அப்போதே சொல்லிவிட்டாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டது, அப்பாவுக்கு ஹாபரில் கப்பல் வேலையில் இடுப்பு உடைந்த வருடம். நான் மனதில் வைக்கவில்லை.

நீங்கள் கடிதம் எழுதியது எனக்கும் நல்லது. ஃபோன் என்றால் எனக்குப் பேச்சு வராது.

அன்புடன்,
ரொஷேல்


வெள்ளவத்தை
18 ஓகஸ்ட்

அன்புள்ள பிள்ளைக்கு,

இன்றைய மெழுகுதிரியோடு இதையும் வைக்கிறேன்.

யது சோற்றுப் பீங்கானைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். நான் பீங்கானை எடுக்கப் போனால், "வாசல்ல வைச்சிருக்கிறன் அம்மா" என்கிறாள். எவ்வளவு சாப்பிட்டாள் என்று பார்க்கக் கூடாதாம். அவள் குளிக்கும் நேரத்தில் வெட்டுப்புள்ளி போடும் இணையத்தளத்தைத் திறந்து பார்க்கிறேன். நேற்று மட்டும் பதினொரு தரம் பார்த்தேன்.

உம்மிடம் ஒன்று சொல்கிறேன். இதே இஸட் புள்ளிக்கு, வவுனியாவில் படித்திருந்தால் மருத்துவம் கிடைத்திருக்கும். மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறுதானே, கொழும்புக்கு இது காணாது. நல்ல ரியூசன் இருக்கிறது என்று அவளை இங்கே இழுத்து வந்தது நான். அவள் அதை வாயால் சொல்வதில்லை. சொன்னால்கூடப் பரவாயில்லை.

இனி மருத்துவமும் வேண்டாம். கொழும்பில் எதுவாவது கிடைத்தால் போதும். அவளுடைய அப்பா கட்டாரில். அவளும் போனால் நான் யாருக்குச் சமைப்பது?

உம்மிடம் ஏதாவது சொன்னாளா? என்னில் கோபமா? மறைக்காமல் எழுதும்.

சுபோதினி அன்ரி


கொச்சிக்கடை
20 ஓகஸ்ட்

அன்புள்ள அன்ரிக்கு,

நேற்று மழை. குடைக்குள் வைத்துத்தான் மெழுகுதிரியைக் கொண்டுபோனேன். நனையவில்லை.

வவுனியாவைப் பற்றி யது ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. கோபமும் இல்லை. வேறு ஒன்றும் என்னிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தால் போட்டோ கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் தாள் கட்டுகளுக்கு மேல் ஏறி இருப்பாள். நாங்கள் கதைக்கிறோம் என்றாலும் கதைப்பது அவள்தான். நான் புத்தகம் பைண்ட் பண்ணிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். புஷ்பராஜ் அண்ணா, "ரொஷேலுக்கு நாக்கு இருக்குது எண்டு யது வந்தாத்தான் தெரியும்" என்பார்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள். லிஃப்டில் போங்கள் அன்ரி. கேட்பவர்கள் கேட்கட்டும்.

ரொஷேல்


வெள்ளவத்தை
04 செப்டெம்பர்

ரொஷேலுக்கு,

வந்துவிட்டது. கிளிநொச்சியில் விவசாய பீடம்.

யது சிரித்தாள் பிள்ளை. ஐந்து மாதமாக இந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. "அம்மா, கிடைச்சிட்டுது, கிடைச்சிட்டுது" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். விண்ணப்பத்தில் மருத்துவத்துக்கு அடுத்ததாக அதைத்தான் போட்டாளாம். கொழும்பில் உள்ளதெல்லாம் அதற்குக் கீழே. எனக்குக் காட்டியது வேறு ஒரு பட்டியல்.

என்னை விட்டுப் போவதற்கு அவ்வளவு சந்தோசமா?

அந்த விண்ணப்பம் உங்கள் கடையில்தான் பிரிண்ட் எடுத்ததாம். உமக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டா ஒவ்வொரு செவ்வாயும் என் மெழுகுதிரியை வாங்கினீர்? அதைக் கொளுத்தி என்ன கேட்டீர்? நான் சொன்னதைத்தான் கேட்டீரா?

சுபோதினி


கொச்சிக்கடை
05 செப்டெம்பர்

அன்புள்ள அன்ரிக்கு,

விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்து, பின் அடித்துக் கொடுத்தது நான்தான். பட்டியலைப் பார்த்தேன். ஓகஸ்டில் நீங்கள் கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியது பொய்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் யதுவும் எனக்கு ஒரு மெழுகுதிரி தருவாள். "ரொஷ், கொழும்பு மட்டும் வேண்டாம் எண்டு கேள். எங்கயாவது தூரமா. நான் மூச்சு விடுறதையும் அம்மா எண்ணுறா" என்றாள். உங்களில் பாசம் இல்லாமல் இல்லை அன்ரி. போன கிழமையும், "நான் போனா அம்மா படியால ஏறுறதை விடுவா" என்றாள். படியால் ஏன் ஏறுகிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஒவ்வொரு செவ்வாயும் இரண்டு மெழுகுதிரியோடுதான் போனேன். உங்களுடையதைக் கொளுத்தி, கொழும்பில் கிடைக்க வேண்டும் என்று கேட்டேன். அவளுடையதைக் கொளுத்தியும் அதையேதான் கேட்டேன். ஐந்து செவ்வாயும் அப்படித்தான். அவளை ஏமாற்றினேன். உங்களுக்காகச் செய்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். அவள் போனால் எனக்குச் சனிக்கிழமை இல்லை.

வெட்டுப்புள்ளி பிந்தப் பிந்த, என்னால்தான் பிந்துகிறது என்று பயந்துகொண்டிருந்தேன். இப்போது அவளுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு அழுகையும் வந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

என்னை மன்னியுங்கள். ஒன்பதாவது செவ்வாய் மிச்சம் இருக்கிறது. மெழுகுதிரி தந்தால் போவேன்.

ரொஷேல்


கொச்சிக்கடை
13 ஒக்டோபர், திங்கள்

அன்புள்ள அன்ரிக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒன்பதாவது செவ்வாய்க்கு மெழுகுதிரியும் வரவில்லை. நானாக வாங்கிக் கொளுத்தவில்லை. அது உங்கள் நேர்த்தி.

நேற்று முன்தினம் யது சான்றிதழ்களைக் கொண்டு வந்தாள். ஒவ்வொன்றிலும் ஆறு கொப்பி எடுத்துக் கொடுத்தேன். மெழுகுதிரி விசயத்தையும் அவளிடம் சொல்லிவிட்டேன். "உனக்கு அவ்வளவு தைரியமாடி?" என்று சிரித்தாள். அவள் வெளிக்கிட்ட பிறகு பார்த்தால், தாள் கட்டுக்கு மேல் அவளுடைய தொப்பி கிடந்தது. ஓடிப்போய்க் கொடுத்தேன். போய்விட்டு வா என்று சொல்ல வரவில்லை. நேற்று அவள் பஸ் ஏறியதைப் புஷ்பராஜ் அண்ணா சொல்லித்தான் தெரியும்.

இன்றைக்குப் பின்னேரம் அண்ணா உங்கள் பொதியைத் தந்தார். கடிதம் இருக்கும் என்று தேடினேன். இல்லை. இரண்டு மெழுகுதிரி. ஒன்றின் தாளில் வழக்கம்போல "யதுஷா, பூரட்டாதி". மற்றத் தாளில் "ரொஷேல்" என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டு ஒரு கேள்விக்குறி.

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நட்சத்திரம் பார்த்ததில்லை அன்ரி. அம்மாவைக் கேட்டேன். இந்த முறை சிரிக்கவில்லை. "விடியப் பூசைக்கு மணி அடிக்கேக்க பிறந்தனீ" என்றா. அப்படியென்றால் காலை ஆறு மணி. 2006 மார்ச் 7. கொழும்பு. நட்சத்திரம் பார்க்க இது போதுமா தெரியவில்லை.

நீங்கள் பார்த்து எழுதுங்கள். நாளைக்கு என் பெயரை மட்டும் சொல்கிறேன்.

அன்புடன்,
ரொஷேல்