பச்சைச் சட்டையில் எடுத்த அளவுகள்

ஆகஸ்ட் 3

மகளின் அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமென்று மகள் சொன்னாள். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது. அதனால் அங்கிருந்து மண் மாதிரிப் பெட்டி எடுத்துவரப் போகும் ஆபீஸ் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வேலை விஷயம்தான். செயற்கைக்கோள் படத்தில், வாய்க்காலின் கடைசியில் உள்ள வயல்கள் வாடத் தொடங்கியது தெரிகிறது. கண்ணுக்கு இன்னும் பச்சைதான். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் இலையின் தாகம் முன்கூட்டியே தெரிந்துவிடும், உங்களுக்குத் தெரியாததா? ஆனால் அதே வயல்களில் நின்று நீங்கள் எடுத்த அளவுகள் பயிர் செழிப்பு என்கின்றன. உங்கள் அளவை வைத்துத்தான் படத்தைத் திருத்துகிறோம். திருத்தினால், பன்னிரண்டாம் தேதி திறக்கும் தண்ணீரில் அந்த வயல்களுக்குப் பங்கு கிடையாது.

மேலதிகாரியிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உங்களைக் கேட்கிறேன். அளவெடுப்பதில் ஏதாவது மாறியதா?

மகளின் அம்மா

ஆகஸ்ட் 5

அம்மையாருக்கு,

இருபது வருஷமாக இந்த ஒளி அளக்கும் கருவியைத் தோளில் சுமக்கிறேன். ஒவ்வொரு வயலிலும் முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வெள்ளைத் தட்டை அளந்த பிறகுதான் பயிரைத் தொடுகிறேன். வெயில் சரி, நேரம் சரி. கோளாறு என்றால் மேலே சுற்றுகிறதே, உன் செல்லப்பிள்ளை, அதைக் கேள். ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வயலில் நிற்பவன் என்றால் எப்போதும் இளக்காரம். வீட்டிலும் இதைத்தான்... வேண்டாம், விடு.

முதுகுவலி தேவலையா? நாற்காலியை மாற்றித் தரச் சொல்.

மகளின் அப்பா

ஆகஸ்ட் 7

கோபக்காரருக்கு,

நாற்காலி மாற்றியாயிற்று. விசாரித்ததற்கு நன்றி.

உங்கள் அளவுகளைத் தேதிவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஜூலை இருபது வரை படமும் நீங்களும் ஒத்துப்போகிறீர்கள். மறுநாளிலிருந்து எல்லாமே செழிப்பு. வெறும் தரிசு மண்ணில்கூட இலை தெரிகிறது!

முதல் சம்பளத்தில் அப்பாவுக்குச் சட்டை வாங்கினேன் என்று அதே இருபதாம் தேதி மகள் அனுப்பிய போட்டோவை எடுத்துப் பார்த்தேன். கிளிப்பச்சை. உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது, அது வேறு விஷயம். சட்டையில் பட்டுத் தெறிக்கும் வெயில் பயிர் மேல் விழுகிறது; கருவி அதையும் இலைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் கறுப்புச் சட்டையில் வா என்று சொல்கிறவரே நீங்கள்தானே?

கருவிக் கோளாறு என்று எழுதி அந்த அளவுகளை நீக்கிவிடட்டுமா? உங்கள் பெயர் வராது.

மகளின் அம்மா

ஆகஸ்ட் 9

என் மனைவிக்கு,

வேண்டாம். கருவி என்ன பாவம் செய்தது?

கறுப்புச் சட்டையில் போய் எல்லா வயலையும் திரும்ப அளந்தேன். நீ சொன்னதுதான் சரி. கடைசி வயல்கார அம்மா, “போன தடவ நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனீங்களே, மறுபடி என்னத்துக்கு?” என்று கேட்டார். “அன்னைக்கு நான் அளந்தது தப்பும்மா” என்றேன். திட்டுவார் என்று பார்த்தால், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

மேலதிகாரிக்கு நானே எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. மகள் வாங்கித் தந்த ஆசையில் அந்தப் பச்சைச் சட்டையையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டேன். அவளிடம் சொல்லிவிடாதே, வருத்தப்படுவாள்.

ஊரறியச் செய்யாமல் என்னை முதலில் கேட்டாய். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

உன் கணவன்

ஆகஸ்ட் 13

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று தண்ணீர் திறந்தார்கள். கடைசி வயல் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு முன், உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மேலதிகாரி அரை மணி நேரம் கத்தினார். பிறகு உங்கள் புது அளவுகளை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

நகலை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள். “தவறு என்னுடையது. கண்டுபிடித்தவர் என் மனைவி. அவருக்கு நன்றி.” இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். இதில் ஒரு வரியைக்கூட உங்கள் வாயால் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்று பெட்டியைக் கட்டியிருக்க மாட்டேன். கடைசியில் ஆபீஸ் முத்திரையோடு கிடைத்திருக்கிறது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. உங்களுக்கு மனசார நன்றி.

என் பக்கத்துத் தவறுகளும் இருக்கின்றன. அவற்றைக் காகிதத்தில் எழுத எனக்கு மனமில்லை, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்.

உங்கள் மனைவி