மண்ணுக்கடியில் ஒரு முடிச்சு

மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று வருடமாக எழுதாதவன் எழுதுகிறேன் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று உனக்கே தெரிந்திருக்கும். போன மாதம் காட்டுத்தீயில் மலைச்சரிவு முழுக்க எரிந்துவிட்டது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடும் தப்பித்தது. நானும் உன் அண்ணியும் ஈரச்சாக்கைப் போர்த்திப் பதினாலு தேன்பெட்டிகளை வண்டியில் ஏற்றினோம். மிச்சம் இருபத்தாறும் போயின.

தேனீக்கள் மேய்ந்த புதர்க்காட்டில் ஓர் இலை இல்லை, வெறும் கரிக்கட்டைகள்தான். மாதக் கடைசியில் புல்டோசரை வரச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் வேரோடு பெயர்த்துவிட்டு மரக்கன்று நடலாம் என்று எண்ணம். உன் அண்ணிதான், “செடியப் படிச்சவ ஒருத்தி நம்ம வீட்டுலயே இருக்கா. அவளக் கேக்காம ஒரு கல்லைக்கூட நகத்தக் கூடாது” என்று நிற்கிறாள். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

அண்ணன்

மார்ச் 14

அன்புள்ள அண்ணா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். ஆராய்ச்சி நிலையத்தில் பாதிப் பேர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற வரியை நாலு தடவை படித்தேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் வீட்டைச் சுற்றி முப்பதடிக்கு நீ புதரை வெட்டியபோது, வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் உன்னை மரமண்டை என்று கத்தினேன். இன்று வீடு நிற்பது அந்த முப்பதடியால். நீ செய்ததுதான் சரி.

ஆனால் சரிவில் இருப்பவை செத்துவிட்டன என்று உனக்கு யார் சொன்னது? ஒரு கரிக்கட்டையின் பக்கத்தில் ஒரு சாண் தோண்டு. தண்டும் வேரும் சேரும் இடத்தில் கிழங்கு மாதிரி உருண்டையாக ஒரு முடிச்சு இருக்கும். நகத்தால் சுரண்டிப் பார். ஈரமும் பச்சையும் தெரிந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. மேலே என்ன எரிந்தாலும் அந்த ஆழத்தில் மண் அவ்வளவாகச் சுடாது. தனக்கு வேண்டிய சத்தையும் தூங்கும் மொட்டுகளையும் செடி அங்கேதான் பதுக்கி வைத்திருக்கிறது.

முடிச்சு இல்லாத செடிகளும் உண்டு. அவை விதையை நம்பியவை. கெட்டித் தோல் சூட்டில் வெடித்து, புகையும் சாம்பலும் கலந்த மழைநீர் உள்ளே இறங்கினால்தான் அந்த விதைகள் கண் விழிக்கும். புல்டோசர் ஏறினால் இரண்டும் போய்விடும். நெருப்பு விட்டுவைத்ததை நாம் அழிக்க வேண்டாம் அண்ணா. ஒரு மழை வரைக்கும் பொறு.

உன் தங்கை

மார்ச் 20

தங்கைக்கு,

ஒன்பது இடத்தில் தோண்டினேன். ஏழு பச்சை. புல்டோசர்காரரிடம் அப்புறம் வரச் சொன்னேன். “எப்பண்ணே?” என்றார். “மழை பேயட்டும்” என்றேன். “மழை பேஞ்சா அந்த ஏத்தத்துல வண்டி ஏறாதேண்ணே.” “அதுக்குத்தான்யா” என்றேன். உன் அண்ணி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

அண்ணன்

ஜூன் 2

ஏய்! வந்துவிட்டது!

மழை விழுந்த பத்தே நாளில் பெரும்பாலான கட்டைகளின் அடியில் சிவப்புச் சிவப்பாகத் துளிர். ஒன்றில் முப்பத்தொன்று எண்ணினேன். எண்ணும்போது உன் அண்ணி வந்து கணக்கைக் கலைத்துவிட்டாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினேன், அலுக்கவே இல்லை. சாம்பல் திட்டுகளில் பொடிப்பொடியாக என்னென்னவோ முளைத்திருக்கின்றன. அதில் ஒன்றை என் வாழ்நாளில் இங்கே பார்த்ததில்லை. இலையை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். யார் இவர்?

அண்ணன்

அக்டோபர் 11

அன்புள்ள தங்கைக்கு,

நீ பெயர் எழுதி அனுப்பிய அந்தச் செடி சரிவு முழுக்க மஞ்சளாகப் பூத்திருக்கிறது. மாதக்கணக்கில் சர்க்கரைத் தண்ணீர் குடித்துச் சலித்த தேனீக்கள் காலெல்லாம் மகரந்தத்தோடு வந்து இறங்குகின்றன. பதினாலு பெட்டி பத்தொன்பது ஆகிவிட்டது.

நேற்று சரிவில் நிலம் வைத்திருக்கும் எல்லோரும் கூடினோம். மொத்தமாக உழுதுவிடலாம் என்று பேச்சு எழுந்தது. நான் எழுந்து முக்கால் மணி நேரம் பேசினேன். நானா! முடிச்சு, மொட்டு, விதை எல்லாம் சொன்னேன். கடைசியில் பக்கத்துத் தோட்டக்காரர், “சரிப்பா, உழ வேணாம். ஆனா கூட இருந்து பாத்துச் சொல்ல ஆள் வேணுமே” என்றார். உன்னைக் கேட்காமலே உன் பேரைச் சொல்லிவிட்டேன்.

ஆனால் அவர்கள் கேட்டதற்காக உன்னைக் கூப்பிடவில்லை. புதரை வெட்டியதற்கு நீ கத்திய அன்று ஆத்திரத்தில் “இனி வராதே” என்றேன். வாயிலிருந்து விழுந்த உடனே திரும்ப எடுத்திருக்க வேண்டும். மூன்று வருடம் வீம்பு பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். எனக்காக வா.

அண்ணன்

அக்டோபர் 17

அன்புள்ள அண்ணா,

புதன்கிழமை பகல் வண்டியில் வருகிறேன். இரண்டு பெட்டி, ஒரு நுண்ணோக்கி. தூக்க நீ வா. அண்ணி வந்தால் பேச்சில் மலைக்கு வரும் பஸ்ஸைத் தவறவிட்டு நிற்போம்.

ஒரு வருடத்துக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. தாளில் கையெழுத்துப் போடும்போது இயக்குநர், “அங்க உங்களுக்கு யாரும்மா இருக்காங்க?” என்று கேட்டார்.

“எங்க அண்ணன்” என்றேன்.

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னேன்.

உன் தங்கை