உன் பெயருக்கு நேரே என் சத்தம்

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது. என் முகநூல் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி, ஒருவர் எழுதியிருந்தார்: "கதை அனுப்பி எட்டு நாள் ஆச்சு. படிக்க நேரமில்லாதவங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" குளச்சல் பக்கத்துக்காரர். துபாயில் ஏசி மெக்கானிக். நாற்பது வயதிருக்கும். சென்னையில் ஒரு படக் கம்பெனிக்கு வருகிற கதைகளைப் படித்துச் சொல்வதுதான் இப்போது என் வேலை. நீ போன பிறகு கிடைத்தது, உனக்குத் தெரிய வழியில்லை. வாயில் நுரையோடு நின்றபடியே பதிலுக்கு நாலு வரி தட்டினேன். சுத்தமான முட்டம் கடற்கரை ஏச்சு. அனுப்பப் போகும்போதுதான் உன் குரல் கேட்டது.

"ஏட்டி, மொதல்ல நோட்டுல எழுது."

விரலை எடுத்துவிட்டேன். ஆனால் அதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. சமைக்கப் போனால் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன். வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடக்கிறேன். அதனால்தான் உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன், நோட்டில்.

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், அந்தப் பிரவுசிங் சென்டர். வருஷம் 2007. பத்திர எழுத்தர் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த உனக்குச் சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. நான் அம்மாவோடும் அவளுடைய மீன் கடவப்பெட்டியோடும் முட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து, அவளைச் சந்தையில் விட்டுவிட்டு மாடியேறுவேன். பலகைத் தடுப்புக்குள் ஒரே நாற்காலி, ஆளுக்குப் பாதி. "மீன் நாத்தம் தாங்க முடியல்ல" என்று மூக்கைப் பொத்துவாய். உன்னுடைய திருவட்டாற்றுச் சாம்பார் மணத்துக்கு இது எவ்வளவோ மேல் என்பேன். கல்லூரியில் ஒரே பெஞ்சில் தொடங்கிய சண்டை அது.

நம்முடைய திரைக்கதை உனக்கு மறந்திருக்காது. புருஷன் கடலோடு போன பிறகு அவனுடைய வள்ளத்தை விற்க மறுத்து, தானே ஆள் பிடித்துக் கடலுக்கு அனுப்புகிற பெண். அதில் கடல் எல்லாம் நான் எழுதியது. அவள் பேசாமல் இருக்கிற இடமெல்லாம் நீ எழுதியது. படித்தவர்கள் நல்லது என்று சொன்னதெல்லாம் நீ எழுதிய இடங்களைத்தான், அதையும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் முகவரி, இரண்டு பெயரும் அதில் இருந்தன. கடிதம் எழுதும் வேலை உன்னுடையது. முதலில் நோட்டில் எழுதிப் பார்க்கும்போது நான் "வணக்கம் தலைவா" என்று ஆரம்பித்தால் பேனாவைப் பிடுங்குவாய். பன்னிரண்டு இயக்குநர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பிவிடலாம் என்றதற்கு, "கல்யாணத்துக்கு ஊரழைக்கிய குறியா அனுப்புக?" என்றாய். உனக்கு எல்லாமே பத்திரம்தான். "யாரு எழுதுகா, எந்த ஊரு, என்ன விஷயம், என்ன வேணும். இது நாலும் இல்லாத காயிதத்த எங்க ஆபீஸ்ல கையால தொடமாட்டாவ." கதைச் சுருக்கம் ஆறு வரியில். கேட்டால் மட்டும் முழுக் கதை. மூன்று வாரம் வாயைத் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஒரே ஒரு நினைவூட்டல், அதிலும் குற்றம் சொல்லும் தொனி கூடாது. வேண்டாம் என்று பதில் வந்தாலும் நன்றி எழுத வேண்டும். "இன்னைக்கி வேண்டாம்னு சொன்ன ஆளு நாளைக்கி வேணும்னு சொல்லணும்னா, நம்ம பேரு அவருக்கு நல்லதா நினைவுல கெடக்கணும்லா." எனக்குச் சிரிப்பாக வரும். கெஞ்சுகிற வேலை என்று நினைத்தேன்.

அப்படி நீ எழுதிய ஒரு கடிதத்துக்கு ஓர் இயக்குநரின் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: "முழுக் கதையும் கிடைத்தது. படித்துவிட்டு எழுதுகிறோம், மூன்று வாரம் ஆகலாம்." நீ தேதி போட்டு நோட்டில் குறித்துக்கொண்டாய். எனக்கு அந்த மூன்று வாரமும் முள்மேல் இருப்பாகத்தான் இருந்தது. சனிக்கிழமை வரை பொறுக்காமல், வாரத்தில் இரண்டு நாள் பொய் சொல்லிவிட்டுத் தக்கலைக்கு வந்து மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். உன்னிடம் சொல்லவில்லை.

பதினாறாவது நாள். நீ கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாய். அந்த இயக்குநரின் வலைப்பூவில் அடுத்த படத்தின் ஸ்டில் ஒன்று போட்டிருந்தார்கள். ஒரு வள்ளம், அதன் பக்கத்தில் முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். அவ்வளவுதான். நம் கதையைத் திருடிவிட்டார்கள் என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதி, கீழே கருத்துப் பெட்டியில் கொட்டினேன். திருடன் என்றேன். அதைவிட மோசமாகவும் இரண்டு சொல். தனியாகக் கத்துவதைவிடச் சேர்ந்து கத்தினால் பலம் என்று, அடியில் நம் இரண்டு பெயரையும் முழுசாகப் போட்டேன், ஊரோடு.

நான் அதைத் தப்பு என்றே நினைக்கவில்லை, அதுதான் இன்றும் அடங்காத எரிச்சல். எங்கள் கடற்கரையில் ஏலம் அப்படித்தான் நடக்கும். அம்மா ஏலம் கூறுகிறவரைக் கள்ளன் என்பாள், அவர் அவளுடைய தலைமுறையையே இழுப்பார், மற்றப் பெண்கள் அம்மாவுக்காகச் சேர்ந்து கத்துவார்கள். மீன் கடவத்தில் ஏறியதும் அதே ஆளோடு நின்று கட்டன்சாயா குடிப்பாள். கத்தாதவளுக்கு அங்கே நல்ல மீன் கிடைக்காது. நானும் கத்திவிட்டு, இனி அவர்கள் இறங்கிவருவார்கள் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நாம் இரண்டு பேருமாகப் பெட்டியைத் திறந்தோம். "உங்கள் கதையைப் பற்றிப் பேச உங்கள் இருவரையும் சென்னைக்கு அழைப்பதாக இருந்தோம். எங்களைத் திருடர் என்று பொதுவில் எழுதியவர்களோடு வேலை செய்ய இயலாது. அந்தப் படம் உங்கள் கடிதத்துக்கு முன்பே எழுதி முடித்தது." அந்தப் படம் பிறகு வந்தது. காயலில் தோணி ஓட்டும் ஒரு குடும்பத்தின் கதை, நம் கதைக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்திகூட இல்லை.

நீ ஏசியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். நீ வலைப்பூவைத் திறந்து நான் எழுதியதை இரண்டு முறை படித்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "ஏலம் முடிஞ்சா நீங்க மண்ணுல தண்ணிய ஊத்திக் கழுவி விட்டிருவிய. இத எப்பிடிட்டி கழுவுவ?"

அன்றே மன்னிப்புக் கடிதம் எழுதினாய். ஒரு சாக்கும் இல்லாத ஆறு வரி. "நாங்கள் எழுதியது தவறு" என்று இருந்தது. "நாங்கள் இல்லட்டி, நான். எம்பேர மட்டும் போடு" என்று அழுதேன். "பேரு ரெண்டும் சேந்துதானே கெடக்கு. இப்ப பிரிச்சா அவியளுக்கு அது இன்னொரு சண்டை" என்றாய். அவர்கள் என் கருத்தை நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் சினிமா வம்பு எழுதும் யாரோ அதை அப்படியே எடுத்துத் தன் பக்கத்தில் ஒட்டியிருந்தார், நம் பெயர்களோடு. நீ அவருக்கும் மூன்று முறை எழுதினாய். பதிலே இல்லை.

பிறகும் கதையை அனுப்பினோம். ஒருவர் மட்டும், "அந்தச் சண்டை போட்டவர்கள் நீங்கள்தானா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் கேட்கக்கூட இல்லை. இரண்டு மாதம் நீ மாடிப்பக்கம் வரவில்லை. வந்தபோது ஒன்றுமே நடக்காததுபோல மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாய். நான் சென்னைக்குப் போனேன். நீ கல்யாணம் முடிந்தும் அதே ஆபீஸில் மற்றவர்களுடைய நிலத்துக்கு எல்லை எழுதிக்கொண்டிருந்தாய். 2013இல் ரத்தத்தில் நோய் என்றார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை.

உன்னை எடுத்த அன்று, திருவட்டாற்றிலிருந்து திரும்பும் பஸ்ஸில், உன் போட்டோ எங்கேயாவது இருக்காதா என்று போனில் உன் பெயரைத் தட்டினேன். போட்டோ இல்லை. நீ எழுதிய ஒரு வரி இல்லை. முதலில் வந்தது நான் கத்தியது, உன் பெயருக்கு நேரே. ஒருவரையும் ஒரு கெட்ட சொல் சொல்லியிராதவள் நீ. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இதை எழுதுகிற இடைவெளியில் அந்தக் குளச்சல்காரருக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன், நோட்டில் எழுதிப் பார்த்து. கதை வரிசையில் இருக்கிறது, இரண்டு வாரம் பொறுங்கள், பொதுவில் போட்டதை யாராவது எடுத்து வேறெங்காவது ஒட்டுவதற்குள் நீக்கிவிடுங்கள், எனக்காக இல்லை, உங்கள் பெயருக்காக என்று. கொஞ்ச நேரத்தில் பதில்: "எடுத்துட்டேன் அக்கா. சரி, கதை எப்பிடி இருக்கு?" நம் ஊர்க்காரன்தானே. சிரித்துவிட்டேன்.

நம் திரைக்கதையை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். புதிதாக வந்த ஒரு பெண் இயக்குநர். நீ சொன்ன நாலும் இருக்கிறது, சுருக்கம் ஆறு வரிதான். பழைய சண்டையையும் மறைக்கவில்லை, கத்தியது நான் மட்டும் என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். முதல் பக்கத்தில் உன் பெயர், அதற்குக் கீழே என் பெயர்.

இந்த மடலை என் பக்கத்தில் போடப்போகிறேன். இதில் உன் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை, கவனித்தாயா? எழுதினால் தேடுபொறி அந்தச் சண்டைக்குப் பக்கத்தில் இதையும் கொண்டுபோய் நிறுத்திவிடும். இனி உன் பெயரைத் தட்டுகிறவர்களுக்கு முதலில் வரவேண்டியது நம் கதையிலிருந்து வரப்போகிற படம்தான்.

நம் கதையை அனுப்பி இன்று ஒன்பதாவது நாள். கை துறுதுறுக்கிறது. இன்னும் பன்னிரண்டு நாள் வாயைத் திறக்கமாட்டேன்.