நடுவர் நிற்கும் முனை

சார்ல்ஸ்டவுன், நெவிஸ்
வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள அல்மிராவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். லீட்ஸில் இரண்டே வருடம் என்று சொல்லிப் போனாய், ஆறாகிவிட்டது. அதைப் பேச இப்போது உட்காரவில்லை.

ஆர்டன் விஷயம். என் தங்கை வெல்மா உனக்கு எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இன்று செயின்ட் கிட்ஸ் அணிக்கு எதிராக நம் மகன் எண்பத்தெட்டில் இருந்தபோது, விக்கெட் கீப்பரிடம் பிடிகொடுத்தான் என்று நான் விரலை உயர்த்தினேன்.

ஆம், நடுவர் நான்தான். பதினொருவரில் ஒருவனுக்காவது உறவாக இல்லாத நடுவர் இந்தத் தீவில் ஏது? எதிரணித் தலைவனும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான்: "டீச்சரே நிக்கட்டும். சொந்தப் பிள்ளைன்னா அவரு விரல் இன்னும் சீக்கிரமா எழும்பும்!"

சத்தம் கேட்டது, அல்மிரா. கேட்டதால்தான் உயர்த்தினேன். வேலியோரம் மீன் பொரிக்கும் இனெட்டா, "இதுக்குத்தான்யா அல்மிரா கப்பலேறிட்டா!" என்று கத்தினாள். மைதானமே சிரித்தது. கார்ட்டியும் சிரித்தான். லீவர்ட் தீவுகள் அணிக்கு ஆள் பொறுக்க வந்திருக்கிறான். இருபது வருடத்துக்கு முன் நெவிஸ்காரன் என்பதற்காகவே என்னை ஒதுக்கிய அதே கார்ட்டி. அப்பன் தயவில் சதம் அடித்தான் என்று என் மகனைப் பற்றி அந்த வாய் சொல்ல நான் இடம் கொடுக்கவில்லை.

ஆர்டன் வீட்டுக்கு வரவில்லை. வெல்மா வீட்டில் இருக்கிறான். தேடிப் போனேன். தட்டிலிருந்து தலை தூக்காமல், "டாடி, அது மட்டை என் கால் பேடுல இடிச்ச சத்தம். உங்களுக்கே தெரியும்" என்றான்.

திரும்பும் வழியில் நம் அணித் தலைவன் மடக்கினான். "நாளைக்கு வேற யாராவது நிக்கட்டுமே, டீச்சர். நீங்க நிழல்ல உக்காந்து பாருங்க." முடியாது என்றேன். விலகினால் இன்று நான் தப்பு செய்தேன் என்று ஆகிவிடும்.

நாளை இரண்டாம் இன்னிங்ஸில் ஆர்டன் மறுபடி மட்டை பிடிக்கிறான். ஆட்டம் முடிந்ததும் கார்ட்டி பெயர்களை அறிவிப்பான். இருபத்தாறு வயதானவனை அடுத்த வருடம் அவன் திரும்பியும் பார்க்க மாட்டான்.

இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் அவனுக்காக வேண்டிக்கொள். நூறு அடிக்கட்டும். பந்து அவன் காலில் படாமலிருக்கட்டும். பட்டாலும், நான் நிற்கும் முனையிலிருந்து வந்த பந்தாக இருக்க வேண்டாம்.

உன் கணவன்,
ஹெஸ்டன்