கார் ஷெட்டுக்குப் பத்து எம்எம் கேபிள்

மாமாவுக்கு வணக்கம்.

நலம் விசாரித்து எழுத எனக்கு வராது. போனில் பேசினால் நாலாவது நிமிடம் நீங்கள் கத்துவீர்கள், ஐந்தாவது நிமிடம் நான் கத்துவேன். அதனால்தான் இந்தக் கடிதம். முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

"எதுக்குடா தோட்டத்த வெட்டிப் போட்டிருக்கீங்க? ஒரு மாசத்துல உங்க அக்கா திரும்பி வந்துடுவா. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துக் குடுத்தா போதாதா?" என்று கேட்டிருந்தீர்கள். போதாது. போட்டுப் பார்த்தாயிற்று. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் கார் ஷெட் உங்களுக்குத் தெரியும். அதற்குள் கார் இருந்து பத்து வருடமாகிறது. அதில் இருந்ததெல்லாம் ஒரே ஒரு பல்பு. அந்தப் பல்புக்கு மின்சாரம் எப்படிப் போனது தெரியுமா? சமையலறை சுவிட்ச் பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய ஒயரை எடுத்து, துணி காயப்போடும் கம்பியோடு சேர்த்துக் கட்டி, அப்பாவே இழுத்திருக்கிறார். ஈரப் புடவையும் கரண்டும் ஒரே கம்பியில். நான் திட்டியதற்கு, "இத்தன வருஷமா யாராவது செத்தாங்களா?" என்றார். படிக்காதவர் சொன்னால் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்தவர்.

அக்கா இங்கே வந்த மூன்றாம் நாளே ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். பல் சுடும் பழைய பீங்கான் உலை ஒன்றையும் ஒரு கம்ப்ரஸரையும் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தாள். இந்த ஊர்ப் பல் டாக்டர் ஒருவர், சோதனையாக, நாலு செயற்கை முன்பற்கள் செய்துதரக் கேட்டிருந்தார். நான் வெளியூர் வேலையில் இருந்தேன். அப்பா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார். உங்கள் யோசனையேதான்.

உலை எண்ணூறு டிகிரியைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது அம்மா வெந்நீர் ஹீட்டரைப் போட்டிருக்கிறாள். ஃப்யூஸ் போய்விட்டது. உள்ளே நாலு பல்லும் விரிசல். அக்கா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, வீட்டில் ஒருவரையும் மிக்ஸி கூடப் போட விடாமல், செய்து முடித்துக் கொடுத்திருக்கிறாள். "நாலு பல்லுக்காக நாப்பது பல்லும் பட்டினி" என்று அப்பா சொன்னார். வீட்டில் இருக்கும் பல்லை எண்ணித்தான் சொன்னாராம்.

டாக்டருக்குப் பிடித்துவிட்டது. ஒன்றாம் தேதியிலிருந்து அவருடைய வேலை முழுவதும் அக்காவுக்கு. ஒருமுறை நாள் தவறினாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆக, லைன் சரியாக இல்லையென்றால் அக்காவுக்கு வேலை இல்லை. இது மாமியார் வீடு, அம்மா வீடு சண்டை இல்லை மாமா. ஆம்பியர் கணக்கு.

இப்போது நடப்பது இது. மீட்டர் பெட்டியிலிருந்து ஷெட்டுக்குத் தனி லைன். இருபத்தெட்டு மீட்டர். தொடை ஆழத்துக்குக் குழி. கேபிளுக்கு மேலேயும் கீழேயும் மணல். அங்கே தனி பிரேக்கர் பெட்டி, தனி எர்த். வீட்டுக்கு அதிக லோடு கேட்டு மின்சார அலுவலகத்தில் மனு கொடுத்து, அனுமதியும் வந்துவிட்டது. குழி வெட்டியது நானும் அப்பாவும். அவர் முழங்கால் ஆழத்தில் நின்று, "போதும்டா, கேபிளத்தானே பொதைக்கிற, என்னை இல்லையே" என்றார். நான் டேப்பை நீட்டிக் காட்டினேன். திட்டிக்கொண்டே வெட்டினார்.

கேபிள் இன்னும் வாங்கவில்லை. கடிதத்தின் காரணமே அதுதான்.

உலை, கம்ப்ரஸர், தூசி உறிஞ்சி, மெழுகு எரிக்கும் சூளை, விளக்குகள். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் முப்பது ஆம்பியர். அதற்கு ஆறு எம்எம் கேபிள் தாராளம். நான் அப்படித்தான் எழுதிக் காட்டினேன். அக்கா பார்த்துவிட்டு, "பத்து போடு" என்றாள். எதற்கு என்றேன். "போடுன்னா போடேன். இன்ஜினியர்னா எதிர்க் கேள்வி கேக்கணும்னு சட்டமா?" என்றாள். அப்புறம் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஷெட்டின் படத்தை வரைந்து கொடுத்தாள். எங்கெங்கே பிளக் வேண்டும் என்று அதில் குறித்திருந்தாள்.

படத்தில் இரண்டு மேஜை. இரண்டு உறிஞ்சி. இரண்டு உலை. அத்தனைக்கும் ஆறு எம்எம் தாங்காது. ஜன்னல் பக்கத்து மேஜைக்குச் சுவிட்சுகள் எல்லாம் இடது பக்கம். எங்கள் வீட்டில் இடது கைக்காரர் யாரும் கிடையாது. எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

நான் கேட்கவில்லை. கேட்டால் தாளைக் கிழித்துவிடுவாள். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அசல் என் பையில் இருக்கிறது.

உங்கள் இருவருடைய பல் லேபில் அன்றைக்கு நடந்ததை, அவள் கிளம்பி வரக் காரணமானதை, என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை, குழி ஓரத்தில் நின்றுகொண்டு. இரண்டு நோயாளிகளுடைய வாய் அச்சு மாறிப்போய், ஒருவர் வாய்க்குச் செய்த பல் இன்னொருவருக்குப் போனது. அச்சு வைத்த தட்டில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டியது நீங்கள். உங்கள் கையெழுத்து. அதைப் பார்த்த பிறகும் உங்கள் ஊர் டாக்டரிடம் அவள் வாயைத் திறக்கவில்லை. "சீட்டு மாறுறது எல்லாருக்கும் நடக்கும்டா. எனக்கும் நடந்திருக்கு. ஆனா உங்க மாமா, டாக்டர் எதிர்ல என்னைக் கை காட்டி, 'இவதான்'னாரு. பன்னெண்டு வருஷம் பக்கத்து மேஜை" என்றாள். பிறகு, குழியில் தண்ணீர் தேங்குகிறது பார் என்று பேச்சை மாற்றிவிட்டாள். தேங்கவில்லை.

இதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. எனக்கு வேண்டியது ஓர் எண். ஆறா, பத்தா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை குழியை மூடுகிறோம். ஆறைப் புதைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து நீங்கள் வந்து நின்றால், மறுபடி வெட்ட அப்பா வயதும் இடம் தராது, என் பொறுமையும் இடம் தராது. ஆறுதான் என்றால் அதை நீங்களே அக்காவிடம் சொல்ல வேண்டும். அந்த வேலையை என் தலையில் கட்டாதீர்கள். பத்து என்றால் உங்கள் உலையைக் கூரியரில் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சுருள் குலுக்கலில் உடைந்துபோகும். நீங்களே மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். வந்ததும் முதலில் உங்கள் ஊர் டாக்டருக்கு ஒரு போன் செய்து, சீட்டை மாற்றி ஒட்டியது யார் என்று சொல்லிவிட்டு, பிறகு ஷெட்டுக்குள் போங்கள். இது மின்சார ஆலோசனை இல்லை. எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

வேளைக்குச் சாப்பிடச் சொல்லி எழுது என்றாள் அம்மா. எழுதிவிட்டேன். உங்களுக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்கிறார் அப்பா, குழியை மூட ஆள் தேவையாம். அக்கா ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. இந்தக் கடிதம் வருவது அவளுக்குத் தெரியாது.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: சீக்கிரம் பதில் போடுங்கள். கடைக்காரரிடம் பத்து எம்எம் முப்பது மீட்டர் வெட்டி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். வெட்டிய கேபிளை அவர் திருப்பி எடுக்க மாட்டார்.