கடன் வாங்கிக் கழித்தல்

பெரியவனின் அப்பாவுக்குக் கும்பிட்டு எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். உங்கள் முட்டிவலி தேவலையா?

பேத்தி ஒண்ணாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். நேற்று சாப்பிடும்போது எனக்கே கழித்தல் சொல்லிக்கொடுத்தாள். பன்னிரண்டில் ஐந்தைக் கழிக்க வேண்டும். இரண்டிலிருந்து ஐந்து போகாதாம், பக்கத்து வீட்டில் கடன் வாங்கணுமாம்.

"வாங்கினதை எப்போடீ திருப்பிக் குடுப்பே?" என்றேன்.

"குடுக்கவே வேண்டாம் பாட்டி. டீச்சரே கேக்க மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பெரியவனிடம், "என்னையும் இப்படித்தானேடா வாங்கிட்டு வந்தே? இவ ஸ்கூலுக்குப் போற வரைக்கும்னே. எப்போ திருப்பி அனுப்பப் போறே?" என்றேன்.

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இன்னும் ரெண்டு வருஷம் இரும்மா. அப்பாகிட்ட கேட்டுட்டேன். தாராளமா வச்சுக்கோன்னுட்டார்."

தாராளமாகவா? என் தையல் மெஷினை என்னைக் கேட்காமல் உங்கள் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்த அன்றும் இதே வார்த்தையைத்தான் சொன்னீர்கள். மெஷின் இன்னும் வீடு வந்து சேரவில்லை. நான் மறக்கவும் இல்லை.

கட்டிலில் இருக்கும் என் தலையணையைப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். உறையை மட்டும் துவைத்து மாட்டுங்கள்.

பேத்தி சீப்போடு வந்து நிற்கிறாள், அவசரமாக முடிக்கிறேன். பெரியவனுக்கு ஃபோன் போட்டு, "அவ இல்லாம எனக்கு முடியலடா, அனுப்பிடு" என்று சொல்லுங்கள். முடிகிறது என்றால், அதை அவனிடம் சொல்லாமல் என்னிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெரியவன் அம்மா